கேபின் காற்று

ரூஸிகுல் அண்ணனின் டிராக்டர் ஏசியில் குளிர் வரவில்லை என்று போன் வந்தபோது எனக்குப் பெரிதாகக் கவலை இல்லை. ஜூலை மாதத்தில் உஸ்பெகிஸ்தானின் தெற்குக் கோடியான எங்கள் சுர்கான்தர்யாவில் எந்த டிராக்டரில்தான் குளிர் ஒழுங்காக வருகிறது? எல்லை தாண்டி வரும் ஆப்கான் காற்று மூன்று நாளாக மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. கண்டென்சர் அடைத்திருக்கும், ஊதிவிட்டால் போதும் என்று வேனை எடுத்தேன். வண்டி ஏசி ரிப்பேர்தான் என் தொழில்; எங்கள் பக்கம் உஸ்தா என்பார்கள்.

பருத்திக் காட்டோரம் முசுக்கட்டை மரத்தடியில் அண்ணன் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். என்னைவிட ஆறு வயது மூத்தவர். போன வருஷம் வரை என் வேன் டயரை ஒற்றைக் கையால் தூக்கிப் போட்ட மனிதர், இப்போது எழுந்து வந்து கை கொடுப்பதற்குள் இரண்டு முறை நின்று இருமினார். குளிர்காலத்தில் பிடித்த இருமல். நுரையீரலில் தழும்பு விழுந்திருக்கிறது என்று டெர்மெஸில் டாக்டர் சொன்னாராம். நாங்கள் எல்லாரும் சேர்ந்து அவருடைய சிகரெட்டைத்தான் திட்டினோம். அவர் மனைவி ஒய்சுலுவ் வீட்டிலிருந்த பெட்டிகளையெல்லாம் ரொட்டி சுடும் அடுப்பில் போட்டு எரித்தாள். ஏன், டிராக்டர் புகை போதாதென்று வாயிலும் ஒரு சைலன்சரா என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன். மனிதர் சிகரெட்டை விட்டுவிட்டார். இருமல்தான் விடவில்லை.

வேலையைத் தொடங்கினேன். பெல்ட் இறுக்கமாக இருந்தது. கம்ப்ரசர் ஒழுங்காகப் பிடித்து ஓடியது. கண்டென்சரை ஊதினேன், ஒரு கூடை மண் கொட்டியது. அப்படியும் கேபினுக்குள் கிழவன் மூச்சு மாதிரிதான் காற்று வந்தது. கேஸ் அழுத்தம் பார்த்தேன், குறையில்லை. உள்ளே போகிற குழாயில் மட்டும் பனி கட்டியிருந்தது. குளிர் உண்டாகிறது, வெளியே வர வழியில்லை என்று அர்த்தம். ஏறிக் கூரைத் தகட்டைக் கழற்றினேன்.

குளிர்ச்சுருள் முழுக்க மண்ணும் பஞ்சும் அப்பியிருந்தது. அதன்மேல் உப்புப் பூத்தது போல வெள்ளையாக ஒரு படிவு. மூக்கைக் கிட்டே கொண்டுபோனதும் தெரிந்துவிட்டது. பருத்தி பறிக்கும் முன் இலை உதிர அடிக்கிற மருந்து. அதைத் தடுக்க வேண்டிய கரி ஃபில்டரின் இடம் காலியாக இருந்தது. எந்த மடையன் கழற்றினான் என்று வாய்வரை வந்தது.

கழற்றியவன் நான்தான். போன ஆகஸ்டில், இதே காட்டில். அன்றைக்கு எனக்கு இன்னும் இரண்டு இடத்தில் வேலை இருந்தது. ஃபில்டர் அடைத்துக் கல்லாகியிருந்தது. உருவி வாய்க்கால் பக்கம் எறிந்தேன். காற்று பிய்த்துக்கொண்டு வந்தது. புதுசு வந்ததும் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். அவரிடம் அதைச் சொல்லக்கூட இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு ராஜா மாதிரி உட்காருங்கள் என்றுதான் சொன்னேன்.

அவரும் சாத்திக்கொண்டுதான் உட்கார்ந்தார். பக்கத்துக் காட்டுக்காரர்கள் இரண்டு பேருக்கும் கேபின் இல்லாத பழைய வண்டி. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு நீங்கள் ஏன் சாக வேண்டும், எனக்குத்தான் கண்ணாடி வீடு இருக்கிறதே என்று அவர்கள் காட்டுக்கும் இவரே மருந்தடித்தார். மூன்று காடு. பதினெட்டு நாள். இருமலுக்கு அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்தக் கூரைமேல் நின்று பதினெட்டு நாளையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தேன்.

ஒரு சாமான் வாங்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு ஜார்குர்கானுக்குப் போய்ப் புது ஃபில்டர் வாங்கி வந்தேன். சுருளைக் கழுவினேன். ஃபில்டரைப் போட்டு மூடினேன். வாயையும் மூடிக்கொண்டு போய்விடுவதுதான் என் திட்டம். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அதுதான் திட்டம்.

அவர் கேபினில் ஏறிக் காற்றுத் துவாரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"குளிரு இருக்கு உஸ்தா. ஆனா வேகம் பத்தல. போன வருசம் என்னமோ பண்ணியே, பிச்சுக்கிட்டு வந்துச்சே. அதே மாதிரி பண்ணிவிடு. அடுத்த மாசம் மூணு காட்டுக்கும் நாந்தான் அடிக்கணும், வாக்குக் குடுத்துட்டேன்."

முடியாது என்றேன். ஏன் என்றார். கம்பெனி அப்படித்தான் செய்திருக்கிறது என்றேன். கைதேர்ந்த உஸ்தாவுக்குக் கம்பெனி எந்த மூலைக்கு என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி அவரை ஸ்டியரிங்மேல் சாய்த்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"போன வருசம் நான் ஃபில்டரைக் கழட்டிட்டேண்ணே. மருந்தைத் தடுக்கிறதே அதுதான். திரும்பப் போடல. உங்ககிட்ட சொல்லவும் இல்ல."

எஞ்சினை அணைத்தார். படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கி வந்தார். தலையை நிமிர்த்திக் கூரைத் தகட்டைப் பார்த்தார்.

"மருந்தடிக்கிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடிண்ணே. ஒரு வாரம் முன்னாடி."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் மரத்தடியில் விரித்திருந்த துணியில் உட்கார்ந்து, என்னையும் உட்காரச் சொன்னார். கிண்ணத்தைக் கொஞ்சம் டீ விட்டு அலசிக் கொட்டினார். பிறகு எனக்கு ஊற்றத் தொடங்கினார். எங்கள் பக்கத்தில் வேண்டியவர்களுக்குக் கிண்ணத்தில் கால்வாசிதான் ஊற்றுவோம். அடிக்கடி நீட்டட்டும், இன்னும் கொஞ்சம் உட்காரட்டும் என்று. நிறைய ஊற்றிக் கொடுத்தால் குடித்துவிட்டு எழுந்து போ என்று பொருள். பதினாறு வருஷப் பழக்கத்தில் அவர் கையால் எத்தனை கிண்ணம் குடித்திருப்பேன், கணக்கில்லை. அவர் என் முகத்தைப் பார்க்காமல் ஊற்றிக்கொண்டிருந்தார். டீ பாதியைத் தாண்டியது. விளிம்புக்கு வந்து நின்றது.

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். விரலில் வழிந்து சுட்டது.