துணையாள் படி

அற்புதராஜுக்கு இரண்டு கையும் மணிக்கட்டோடு போய்விட்டன. 1918இல், சண்டை முடிய ஆறு மாதம் இருக்கும்போது, பட்டாளத்தோடு போன பாஸ்ரா துறைமுகத்தில் வெடிமருந்துப் பெட்டி வெடித்த விபத்து. பென்ஷன் வருகிறது. தினமும் ஓர் ஆள் கூடவே இருந்து கவனிக்க வேண்டியவர்களுக்குத் துணையாள் படி என்று தனியாக உண்டு. அது கிடைத்தால் அவன் மனைவி மதலேனா வீட்டிலேயே இருக்கலாம். இல்லையென்றால் தங்லினில் ஒரு துரை வீட்டில் ஆயாவாகத் தங்க வேண்டும். ஞாயிறு மட்டும்தான் ஜாலான் புசாரில் இருக்கும் தன் வீட்டுக்கு வர முடியும்.

படி தருவதா என்று முடிவு செய்ய 1921இல் மருத்துவ போர்டு கூடியது. தமிழையும் இங்கிலீஷையும் மாற்றிச் சொல்லும் துபாஷி நான். வினையே அதுதான். அற்புதராஜும் நானும் ஒரே மாதா கோயில். அவன் கலியாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான்.

டாக்டர் துரை கேட்டதை அவனிடம் கேட்டேன்.

"சாப்பிடறது எப்படிப்பா?"

"சமாளிச்சுக்குவேன்."

"குளிக்கிறது?"

"அதுவும் சமாளிச்சுக்குவேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மதலேனா அவனுக்குச் சோறு ஊட்டுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் முன்னால் சொல்ல வெட்கம், மடையனுக்கு. ஆனால் நான் மட்டும் என்ன யோக்கியம்? அவன் சொன்ன பொய்யை அழகான இங்கிலீஷில் அப்படியே சொன்னேன். துரை பேனாவை எடுத்தார்.

கதவோரம் நின்ற மதலேனா விறுவிறுவென்று உள்ளே வந்தாள்.

"அண்ணே, கக்கூஸ் போனா யாரு கழுவி விடறதுன்னு கேளுங்க."

"சும்மா இரு புள்ள," என்றான் அற்புதராஜ். "அண்ணன் நம்ம கோயில் ஆளு."

"இருக்கட்டும். நாளைக்கு நான் போயிட்டா, இந்த அண்ணனா வந்து கழுவி விடுவாரு?"

துரை என்னைப் பார்த்தார். எனக்கு வாய் கூசியது. அந்த அம்மாள் கணவருக்குக் கொஞ்சம் ஒத்தாசை செய்கிறாராம் என்று சொல்லி வைத்தேன்.

அற்புதராஜுக்குப் பட்டாளத்தில் பழகிய இங்கிலீஷ் கொஞ்சம் உண்டு. நான் சொன்னது புரிந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தான். பிறகு என்னை விட்டுவிட்டு, துரையிடம் அவனே பேசினான். ஊட்டுவது மனைவி, குளிப்பாட்டுவது மனைவி, கழுவி விடுவதும் மனைவி. இலக்கணமே இல்லாத இங்கிலீஷ். குரல் மட்டும் நடுங்கவில்லை. துரை எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். படி தருவதாக அங்கேயே சொல்லிவிட்டார்.

வெளியே வரும்போது அற்புதராஜ் என் முகத்தைப் பார்க்கவில்லை. மதலேனா பார்த்தாள்.

"அவரே வெக்கத்த விட்டுட்டாரு. உங்களால முடியலையேண்ணே!"