எட்டு நாள் தாமதம்

நாற்பது பேரை வைத்துக்கொண்டு பெரிய பெரிய கட்டட வேலைகளை நடத்துகிற பெரியவளுக்கு (மூத்த பெண் என்பதால் வீட்டில் எல்லோருக்கும் அவள் பெரியவள்தான்), எந்த வேலையைத் தொடங்கினாலும் அந்த ஆறு வார மாலை வகுப்பு நினைவுக்கு வந்துவிடும். மின்விசிறி கடகடவென்று சத்தம் போடும். அதைவிடச் சத்தமாக ஆசிரியை பேசுவாள். பெரியவளைவிட நான்கு வயது சின்னவள்! "திட்ட மேலாண்மைன்னா பெரிய மந்திரம் இல்லைங்க. எதுக்கு, யாருக்கு, எப்போ, எவ்வளவு? இதைக் கேக்காம கடப்பாரையைத் தூக்காதீங்க" என்பாள். அடடா, என்ன நாட்கள் அவை! இன்று அந்த வகுப்பும் இல்லை, அப்பாவும் இல்லை.

வீட்டில் ஒரு சின்ன வேலையைத் திட்டம் போட்டு முடித்துக் காட்ட வேண்டும் என்பது பயிற்சி. பெரியவள் யோசிக்கவே இல்லை. பக்கவாதம் வந்து இரண்டு மாதமாக மருத்துவமனையில் கிடந்த அப்பா ஒரு வெள்ளிக்கிழமை வீடு திரும்பப்போகிறார். வாசலில் மூன்று படி. சக்கர நாற்காலி எப்படி ஏறும்? படிகளை மூடி ஒரு சிமெண்ட் சரிவு போட்டுவிட வேண்டியதுதான்.

எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவள் அவள். சமையலறைச் சுவர் முழுக்கக் காகிதம் ஒட்டி வண்ண வண்ணமாகக் கோடு போட்டாள். "உப்பு டப்பா எங்கேன்னு தெரியல, உன் கோடு மட்டும் பளிச்சுன்னு தெரியுது" என்று அம்மா அலுத்துக்கொண்டாள்.

"சிமெண்ட் இறுகறதுக்கு ஏழு நாள் விட்டியா?" என்றார் கொத்தனார் மாமா.

"அதுக்குத் தனியா நீலக் கோடே இருக்கு மாமா."

மாமா அசந்துபோனார்.

வகுப்பில் கொடுத்த படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: யாருக்காகச் செய்கிறீர்களோ அவரிடம் கேட்டீர்களா? 'ஆம்' என்று குறித்தாள். கேட்கவில்லை. முடியாமல் கிடக்கிறவரை எதற்குத் தொந்தரவு செய்வது என்று விட்டுவிட்டாள். நாக்கில் என்ன சுளுக்கா? தினமும் சாயங்காலம் போய்ப் பார்த்தவள்தானே!

வெள்ளிக்கிழமை கார் வந்து நின்றது. அம்மா நாற்காலியைப் பிரித்து வைத்தாள். அப்பா அதில் உட்காராமல் கைத்தடியை ஊன்றி, கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"படி எங்கம்மா?"

"மூடியாச்சுப்பா. உங்களுக்காகத்தான். சொன்ன தேதிக்கு முடிச்சுட்டேன்!"

அப்பா சரிவை மேலும் கீழும் பார்த்தார். கூட வந்த நர்ஸ்தான் பெரியவளைத் தனியாக அழைத்துச் சொன்னாள்: "தினமும் காலையில மூணு மரப்படி வச்சு ஏறிப் பழகினாரும்மா. எத்தனை தரம் விழுந்தாரு தெரியுமா? வீட்டு வாசப்படியை நானே ஏறணும், அதுவரைக்கும் யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

அப்பாவும் ஒரு திட்டம் வைத்திருந்தார். அதற்கும் அதே வெள்ளிக்கிழமைதான் கெடு. அதன் மேல்தான் பெரியவள் சிமெண்டைக் கொட்டியிருக்கிறாள்.

"நல்லாத்தான் இருக்கு, வழவழன்னு" என்று சொல்லிவிட்டு அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

மறுநாள் காலை அவர் கட்டிலருகே உட்கார்ந்தாள்.

"அப்பா, உங்களுக்கு என்ன வேணும்?"

"ஒரு பக்கம் படி இருக்கட்டும். மறுபக்கம் சரிவும் கிடக்கட்டும், முடியாத நாளைக்கு ஆகும்."

"கட்டச் சொன்னதும் நீ, உடைக்கச் சொல்றதும் நீயா?" என்று மாமா தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் அன்றே பாதியை உடைத்து, படிகளைப் பூசிக் கொடுத்தார்.

அடுத்த சனிக்கிழமை அப்பா ஏறினார். முதல் படி. இரண்டாவது படி. மூன்றாவதில் முழங்கால் வெடவெடவென்று நடுங்கியது. அம்மா பதறிக் கை நீட்டினாள். "தொடாதே" என்றார். மூச்சு வாங்கியது. காலைத் தூக்கி வைத்துவிட்டார்.

மேலே போய் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். கீழே அம்மா, பெரியவள், மாமா மூவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏன் வெளியிலயே நிக்கிறீங்க? எல்லாரும் உள்ள வாங்க" என்றார், வீட்டுக்காரராக.