மிரனின் எஃகுப் பல்

ஸ்காட்லாந்தின் ஆர்ப்ரோத்தில் மீனுக்குப் புகை போட்டு விற்கும் யூவனின் மகள் மிரனுக்கு ஏழு வயதிலேயே இரண்டு பாற்கடைவாய்ப் பற்கள் சொத்தை. பல் மருத்துவர் கத்ரியோனா இடப்பக்கத்துப் பல்லை வழக்கம்போல் குடைந்து அடைத்தார். ஊசியைக் கண்டு மிரன் போட்ட அலறலில், வெளியே காத்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

வலப்பக்கத்துப் பல்லுக்கு ஊசியும் வேண்டாம், குடைசலும் வேண்டாம் என்று கத்ரியோனா தீர்மானித்தார். சொத்தையின் மேலேயே, பல் முழுவதையும் மூடும் எஃகு உறையைப் பசை வைத்துப் பொருத்தினார். சில நிமிடங்களில் வேலை முடிந்தது.

கூட்டாளி மருத்துவர் ஃபெர்கஸ் சிரித்தார். "சொத்தைய உள்ளயே வெச்சுப் பூட்டிட்டியா? ஆறு மாசத்துல கன்னம் வீங்கி வந்து நிப்பா, பாரு!"

"சர்க்கரை உள்ள போகாம மூடிட்டா, கிருமிக்குத் தீனி ஏது?" என்றார் கத்ரியோனா.

இரண்டு ஆண்டுகளில் இடப்பக்கத்துப் பல்லின் அடைப்பு இருமுறை பெயர்ந்தது. கடைசியில் அந்தப் பல்லில் சீழ் கோத்து, பிடுங்க வேண்டியதாயிற்று. உறை போட்ட பல்லோ மிரனின் பதினோராம் வயதுவரை அசையவில்லை. அதன் பிறகு ஒரு நாள் அதைக் கைக்குட்டையில் பொதிந்துகொண்டு அவள் ஓடி வந்தாள்.

"டாக்டர், தானா விழுந்துடுச்சு! ஒரு நாள்கூட வலிக்கல!"

ஃபெர்கஸ் பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் தோத்துட்டேன், கத்ரியோனா. வெளிய மூணு வாண்டுங்க சொத்தையோட உக்காந்திருக்கு. எனக்கும் இந்த உறைய போடக் கத்துக் குடு."

கத்ரியோனா தலை நிமிர்ந்து கதவைத் திறந்து, முதல் குழந்தையை உள்ளே அழைத்தார்.