கொசுப்பொறியும் வீட்டோடு மாப்பிள்ளையும்

அந்த வீட்டில் நாலு பேருக்கு ஐந்து வாய். கணக்கில் தப்பில்லை, மாமனாருக்கு மட்டும் இரண்டு. முப்பது வருஷம் ரயில் ஓட்டியவர். இன்ஜின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை, அவர் ஓய்வு பெற்ற பிறகும் ஓய்வு பெற மறுத்துவிட்டது. மாமியார் தையல் மெஷினை மிதித்தபடியே பேசுவார், மெஷின் நின்றாலும் அவர் நிற்கமாட்டார். மகன் மின்சாமான் கடையில் விற்பனையாளன், வாய்தான் அவனுக்கு முதல். மகள் பள்ளிக்கூட டீச்சர். வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அடக்கிவிட்டு வரும் குரலை வீட்டு வாசலில் கழற்றி வைக்க முடியுமா என்ன?

இந்தக் கூட்டத்துக்குள் ஐந்தாவதாக வந்து சேர்ந்தவர்தான் மகளின் கணவர், வீட்டோடு மாப்பிள்ளை. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிற வேலை. நாள் முழுக்க அரை மில்லிமீட்டரோடு மல்லுக்கட்டுகிறவருக்குப் பேச்சு எங்கே வரும்? சின்ன வயதிலேயே தாய் தகப்பன் இல்லாமல் விடுதியில் வளர்ந்தவர் வேறு. சாப்பிடும்போது பேசினால் அங்கே தட்டைப் பிடுங்கிவிடுவார்களாம். அதனால் இந்த வீட்டின் கூச்சல் அவருக்குத் தலைவலியாக இல்லை. தாகத்தில் வந்தவனுக்குத் தண்ணீர் கிடைத்தது போல இருந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்குப் பின்னால் இருந்த தோட்டத்தில் ஐந்து நாற்காலிகள் போடுவார்கள். ஏழரை வரைக்கும் பேச்சு. தோட்டத்தின் கோடியில் ஆளுயர வேலி, அடர்த்தியான பச்சை, அதற்குள் ஊர்க் கொசுவெல்லாம் குடியிருந்தது. கல்யாணமான புதிதிலேயே ஒரு விஷயம் தெரிந்துபோயிற்று. கொசுக்களுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. ஐந்து பேர் உட்கார்ந்திருந்தால் நாலு பேரை விட்டுவிட்டு அவரையே மொய்த்தன. அவர் உடம்பின் வாசனை அப்படி, சிலருக்கு அப்படி வாய்க்கும். மற்ற நாலு பேரும் இதைக் கண்டுகொண்ட பிறகு, அவருடைய நாற்காலி வாரத்துக்கு இரண்டு அங்குலமாக வேலிப் பக்கம் நகர்ந்தது. யாரும் நகர்த்தியதாக ஞாபகம் இல்லை, ஆனாலும் நகர்ந்தது. ஒரு வருஷத்தில் அவர் வட்டத்தை விட்டு எட்டடி தள்ளி, வேலிக்கும் குடும்பத்துக்கும் நடுவில் காவல்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தார். மச்சினன் அவருக்கு 'நடமாடும் கொசுவலை' என்று பட்டம் கட்டினான்.

மாப்பிள்ளைக்குக் கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் உள்ளுக்குள் சந்தோஷம். அவருக்கு ஒரு கதையை முழுதாகச் சொல்லத் தெரியாது, நகைச்சுவை சொன்னால் சிரிக்கவேண்டிய இடத்தை அவரே முதலில் சொல்லிவிடுவார். ஆனால் இந்த வீட்டுக்குத் தன்னால் ஒரு பிரயோசனம் இருக்கிறது, தன் கணுக்கால் இருக்கும்வரை இந்த வட்டத்தில் தனக்கு ஓர் இடம் உண்டு என்று நம்பினார். சொறிந்துகொண்டே நம்பினார்.

நாலு வருஷம் கடி வாங்கியவர் சும்மா வாங்கவில்லை. மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது அவர் கொசுவைப் படித்தார். கொசுவத்திப் புகை எப்போதும் வீட்டிலிருந்து வேலியைப் பார்த்துப் போகும். கொசு அதற்கு எதிர்த்திசையில், காற்றை எதிர்த்து, மனுஷன் விட்ட மூச்சை மோப்பம் பிடித்துக்கொண்டு வரும். முழங்காலுக்கு மேலே பறப்பது அபூர்வம். காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் அன்றைக்கு அவற்றுக்கு விடுமுறை. மாமியாருக்கு ஊசியின் காது தெரியாமல் போகும் நேரத்தில் வர ஆரம்பித்து, அரைமணி நேரம் ஆடித் தீர்த்துவிட்டு அடங்கும். இதையெல்லாம் அவர் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதில்லை என்பதுதான் காரணம்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டி, மனைவிக்கு ஐந்தாம் மாதம் ஆனபோது தடம் மாறியது. ஒருநாள் சாயங்காலம் கொசுக்கள் மாப்பிள்ளையைக் கண்டுகொள்ளாமல், அவர் காலருகே வளைந்து, நேராக மனைவியிடம் போயின. அவருக்குக் காரணம் புரிந்தது. வயிற்றில் பிள்ளையைச் சுமப்பவள் மூச்சை அதிகம் விடுகிறாள், உடம்பில் சூடும் ஒரு படி அதிகம். கொசுவுக்கு அது இரட்டை விருந்து. எத்தனை மூச்சை இழுத்து விட்டும் அவரால் போட்டியில் ஜெயிக்க முடியவில்லை. ஏழாம் மாதம் டாக்டர், கொசு கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மறுநாளே மச்சினன் தன் கடையிலிருந்து ஒரு கொசுப்பொறியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

பார்க்க நன்றாகத்தான் இருந்தது. குட்டையான கறுப்புத் தூண், தலையில் நீல விளக்கு, உள்ளே ஒரு மின்விசிறி, பழைய காலுறை நாற்றத்தில் ஒரு வாசனைப் பொட்டலம், அடியில் இழுத்துத் திறக்கும் தட்டு. வாசனைக்கு வரும் கொசுவை விசிறி உள்ளே உறிஞ்சிவிடும், வெளியே வர வழி கிடையாது என்று மச்சினன் வாடிக்கையாளருக்கு விளக்குவது போல விளக்கினான். விளக்கிவிட்டு, வந்த விருந்தாளியை நடுவில் உட்காரவைப்பது போல, வட்டத்தின் நட்டநடுவில் அதை வைத்தான்.

நமக்கு வந்த மாற்று ஆள் இதுதான் என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் தட்டு நிறையப் பூச்சி. மச்சினன் பரீட்சையில் முதலிடம் வாங்கியவன் போல வீடு முழுக்கக் காட்டித் திரிந்தான். எல்லோரும் போன பிறகு மாப்பிள்ளை கடையில் பயன்படுத்தும் சின்ன லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு தட்டைக் கிளறினார். முக்கால்வாசி விட்டில் பூச்சி, மிச்சம் ஏதேதோ சில்லறைகள். கொசு மொத்தம் பதினொன்று. அதிலும் ஏழுக்கு இறகு போல அடர்ந்த மீசை, அவை ஆண்கள். ஆண் கொசு சைவம், பூந்தேனைக் குடித்துவிட்டுப் போய்விடும், யாரையும் கடிக்காது. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்களே, இந்தப் பொறி அதுகூட இல்லை.

அன்று சாயங்காலம் நிலைமை இன்னும் மோசம். பொறியின் வாசனைக்குக் கிளம்பி வந்த கொசுக்கள், வந்த இடத்தில் ஐந்து பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுப் பொறியை மறந்தன. மாமனார் பேசிக்கொண்டே கணுக்காலில் அறைந்துகொண்டார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டதே என்று மாமியார் மகனைப் பிடி பிடி என்று பிடித்தார். மனைவியின் கால் முழுக்கச் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. இனிமேல் நான் வெளியே வரவில்லை என்று அவள் உள்ளே போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

மூன்றாம் நாள் அவள் வரவில்லை. துணைக்கு மாமியாரும் உள்ளே இருந்துவிட்டார். ஆண்கள் மூன்று பேரும் பேச்சு ஓடாமல் பொறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பொறியை எங்கே வைக்கவேண்டும் என்று மாப்பிள்ளைக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். அவருடைய நாற்காலி இருக்கும் இடம்தான் அது. அங்கே அதை வைத்துவிட்டால் கொசு போய்விடும். கொசு போய்விட்டால் கொசுவலைக்கு என்ன வேலை? நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுவரை வாயே திறக்காத தனக்காகச் சொன்னதுதான் போலிருக்கிறது என்று தோன்றியது. அப்படி யோசித்ததற்காக வெட்கமாகவும் இருந்தது. உள்ளே மனைவி சாத்திய கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் தடிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தாள். சிரிக்காமல் எண்ணிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் அவர் எழுந்தார். பெண்கள் இரண்டு பேரையும் வாசற்படி வரை கூப்பிட்டார். தொண்டையைச் செருமினார்.

"கொசு வெளிச்சத்தைப் பாத்து வரல, மாமா. நீல விளக்குக்கு வர்றது விட்டில் பூச்சி. கொசு நம்ம மூச்சை மோந்துக்கிட்டு வேலியிலருந்து வருது. வர்ற வழியில முதல் ஆளா இந்த மெஷின் நிக்கணும். நம்ம நடுவுல வச்சா, நாமளே விருந்துக்குக் கூப்பிட்ட மாதிரி ஆயிடும்."

யாரும் குறுக்கே பேசவில்லை. அந்த வீட்டில் இது இதுவரை நடந்ததில்லை.

"நாற்காலியெல்லாம் சுவரோரமாப் போடணும். ராத்திரி பகல் நிறுத்தாம ஓடவிடணும். நிழலா இருக்கணும், காத்து நேரா அடிக்கக் கூடாது." தன் நாற்காலியைக் காட்டினார். "என் இடம்தான் சரியான இடம்."

மச்சினன் பொறியைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே வைத்தான். வேலியோரச் செடித்தொட்டிகளின் அடித்தட்டில் தேங்கிய தண்ணீரையும் கொட்டிவிடுங்கள், அதில்தான் முட்டையிடுகின்றன என்று மாப்பிள்ளை சொல்ல, மாமனார் தாமே போய்க் கொட்டினார். நாலு நாள் பொறி நிற்காமல் ஓடியது. ஐந்தாம் நாள் தட்டை இழுத்துப் பார்த்தால் மிளகைக் கொட்டியது போலக் கறுப்பாக இருந்தது. மீசை இல்லாத, கடிக்கிற சாதி. அன்று சாயங்காலம் மனைவி வெளியே வந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு கடி, அதுவும் மச்சினனுக்கு. அவள் சிரித்த சிரிப்பில் வயிறு குலுங்கியது. மாப்பிள்ளைக்கு மனசு நிறைந்துவிட்டது. அவருடைய நாற்காலியைத்தான் எங்கே போடுவது என்று தெரியாமல், கதவோரமாக நின்றுகொண்டே பார்த்தார்.

அடுத்த நாள் கடையில் வேலையில்லாமலே உட்கார்ந்திருந்துவிட்டு ஆறரைக்கு வீட்டுக்கு வந்தார். தோட்டத்தில் பேச்சு களைகட்டியிருந்தது. போகவில்லை. கூடத்தில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்துகொண்டார். ஜன்னல் வழியாக மாமனார் ஒரு ரயில் கதையை எடுத்துவிடுவது கேட்டது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் தண்டவாளத்தில் ஒரு மாடு. அந்த இடத்தில் மகன் கடைக் கதை ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தான், மகள் வேறொன்றைச் சொன்னாள், மாமியார் இரண்டுக்கும் பதில் சொன்னார். மாமனாரின் குரல் நின்றுவிட்டது.

கொஞ்ச நேரத்தில் மாமியார் உள்ளே வந்து விளக்கைப் போட்டார். இருட்டில் என்ன செய்கிறீர்கள் என்றார். அங்கே கொசு இல்லையே அத்தை, நான் எதற்கு என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். வாய் ஒருமுறை திறந்தால் பழகிவிடுகிறது.

மாமியார் அவரைப் பார்த்தார். பிறகு எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பொய் சொல்லமாட்டேன் மாப்பிள்ளை. முதல் வருஷம் கொசுவுக்காகத்தான் உங்களை அங்க உட்கார வச்சோம். ஆனா இன்னிக்குப் பாருங்க, நாலு பேரும் பேசுறோம், ஒருத்தர் சொல்றது ஒருத்தருக்குப் போய்ச் சேரல. இந்த வீட்டுல கேக்குறதுக்கு நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. நீங்க தள்ளி உட்கார்ந்திருந்ததால எங்களுக்குத் தெரியாமப் போச்சு."

சொல்லிவிட்டு மாப்பிள்ளையின் நாற்காலியைத் தாமே தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தார். மாப்பிள்ளை பின்னால் ஓடவேண்டியதாயிற்று. மாமனார் காலை மடக்கிக்கொண்டு தமக்கும் மகளுக்கும் நடுவில் இடம் விட்டார். மாப்பிள்ளை உட்கார்ந்தார். சாயங்காலப் பேச்சு நேரத்தில் இவ்வளவு பக்கத்தில் அவர்கள் முகங்களை அவர் பார்த்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. கண் கரித்தது, சந்தோஷத்தில்தான்.

மாமனார் குரலைச் சரிசெய்துகொண்டார்.

"எங்க விட்டேன்?"

கதை தொடங்கியபோது எதிரிலேயே உட்கார்ந்திருந்த மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பாலம் தாண்டியாச்சு, மாமா," என்றார் மாப்பிள்ளை. "மாடு இன்னும் தண்டவாளத்துலதான் நிக்குது."