மாடிப்படிக்கு அடியில் இரண்டு மூட்டை

கல்யாணமான நாளிலிருந்து ஒரு தக்காளி வாங்கி வந்தறியாத மனிதர், ஒரு சாயங்காலம் வாடகை வண்டியிலிருந்து உருளைக்கிழங்கு மூட்டையை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். மாடிப்படிக்கு அடியில், சலவை இயந்திரத்துக்கும் பஞ்சரான சைக்கிளுக்கும் நடுவில் அதைச் சாய்த்தார். திரும்பிப் போய் இன்னொரு மூட்டையைக் கொண்டுவந்தார். பிறகு அலமாரியைக் குடைந்து, பூப்போட்ட பழைய படுக்கை விரிப்பு ஒன்றை எடுத்து இரண்டையும் மூடினார். சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டியபடி கை கழுவப் போய்விட்டார்.

பார்த்துக்கொண்டிருந்த மனைவிக்கு மூக்கில் வியர்த்தது. இரண்டே பேர் இருக்கிற வீட்டில் இரண்டு மூட்டை எதற்கு? சரி, மலிவாகக் கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். மூடுவானேன்? கிழங்குக்குக் குளிருமா?

கேட்டும் பார்த்தாள். "கிடந்துட்டுப் போகட்டும்" என்றார்.

அவர் வேறு எந்த உத்தியோகத்தில் இருந்திருந்தாலும் இது ஒரு விஷயமே இல்லை. அவர் வேலை பார்த்தது விளைச்சல் கணிப்பு அலுவலகத்தில். எந்த நாட்டில் எவ்வளவு நிலத்தில் என்ன போட்டிருக்கிறார்கள், எங்கே மழை ஏமாற்றியது, எந்தத் துறைமுகத்தில் கோதுமை தேங்கி நிற்கிறது, ஜனங்கள் எதைச் சாப்பிடுவதை விட்டுவிட்டு எதற்குத் தாவியிருக்கிறார்கள் என்றெல்லாம் கூட்டிக் கழித்து, அடுத்து எது மலியும், எது கிராக்கியாகும் என்று அறிக்கை போடுகிற இடம் அது. ஒரு கண்டத்தில் உறைபனி விழுந்தால் இன்னொரு கண்டத்தில் சிப்ஸ் பாக்கெட் இளைத்துப்போகிற காலமல்லவா? அறிக்கை வருகிற நாளில் ஊழியர்களின் கைபேசிகளை வாங்கி வைத்துக்கொண்டு, ஜன்னல் திரைகளை இறக்கி, ஒரு கூடத்தில் அவர்களைப் பூட்டிவிடுவார்கள். அறிக்கை வெளியான பிறகுதான் கதவு திறக்கும்.

மனிதரும் பூட்டுப் போட்ட வாய்க்காரர்தான். தெருவில் அவருக்கு ஊமை ஜோசியர் என்று பெயர். அவர் வாயைப் பிடுங்கிப் பார்த்துத் தோற்றவர்கள், அவர் கையிலிருக்கும் பையைப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒருமுறை தள்ளுபடியில் கிடைத்ததே என்று அவர் மூன்று பாட்டில் சமையல் எண்ணெய் வாங்கிப் போக, அன்றைக்கு விளக்கு வைப்பதற்குள் மளிகைக் கடையில் எண்ணெய் அலமாரி காலி. மளிகைக் கடைக்காரர் அவருக்குச் சில்லறை கொடுக்கும்போதே உள்ளேயிருக்கும் ஆளுக்குக் கண்ணைக் காட்டுவாராம். எண்ணெய் விலை ஏறவில்லை என்பது வேறு விஷயம். யாரும் நம்பிக்கையை விடவில்லை.

தெருவே இப்படி என்றால் வீட்டுக்காரி எப்படி இருப்பாள்? அவள் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். டாக்டர்களின் கோழிக்கிறுக்கலைப் படித்துப் படித்து, உலகத்தில் தன்னால் படிக்க முடியாதது எதுவுமில்லை என்ற எண்ணம் அவளுக்கு உண்டு. கல்யாணமான புதிதில் அவர் ஒன்று சொல்லியிருந்தார்: ஆபீஸ் சங்கதி மட்டும் கேட்காதே, வேறு எது கேட்டாலும் ஒளிக்காமல் சொல்கிறேன். அவளும் வாயைத் திறந்து ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமலே தெரிந்துகொள்ளும் வழியைக் கண்டுபிடித்துக்கொண்டாள். அவர் செய்தி பார்க்கும்போது எந்தப் பயிருக்குப் புருவம் ஏறுகிறது, எதற்குச் சிரிப்பு வருகிறது என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டே இருப்பாள். பார்த்ததைத் தம்பிக்குச் சொல்லுவாள். இரண்டு முறை அது பலித்தும்விட்டது. இரண்டாவது முறை, மக்காச்சோளம் பற்றிய செய்திக்கு அவர் உதட்டைப் பிதுக்கியதை வைத்துத் தம்பி முன்கூட்டியே விற்றுத் தப்பித்தான்.

இந்தத் தம்பிதான் இப்போது தினமும் போன் செய்துகொண்டிருந்தான்.

அவன் விவசாயி. தலைமுறை தலைமுறையாகக் கோதுமையும் மக்காச்சோளமும் போட்ட நிலத்தில் போன பருவம்தான் உருளைக்கிழங்குக்கு மாறியிருந்தான். சிப்ஸ் கம்பெனி ஏஜெண்ட் வந்து பேசிய பேச்சில் அந்த வட்டாரமே மாறியிருந்தது. உலகமே இப்போது வறுத்துத்தான் தின்கிறது, இனி கிழங்குக்கு இறங்குமுகமே கிடையாது என்று அந்த ஆள் அடித்துச் சொன்னாராம். விளைச்சல் அமோகம். அத்தனையும் குளிர்பதனக் கிடங்கில் அடுக்கியாகிவிட்டது. இப்போது அதே ஏஜெண்ட் முகத்தைச் சுளித்துக்கொண்டு குறைந்த விலை சொல்கிறார். இன்றே கொடுத்தால் கையைக் கடிக்காமல் தப்பிக்கலாம். அறிக்கை வரும்வரை வைத்திருந்து விலை ஏறினால் யோகம். இறங்கினால் அடுத்த பருவத்துக்கு விதை போடக்கூட வழியிருக்காது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அவன் யாருடைய லாரியையாவது ஓட்டப் போகவேண்டியதுதான்.

"நீ ஒரு வார்த்தை சொன்னா போதும்க்கா" என்பான். அவள் பிடி கொடுக்காமல் பேசி வைப்பாள். சொல்வதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை. அந்த மனிதர் கிழங்கு விஷயத்தில் மட்டும் முகத்தைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார்.

இந்த நிலையில்தான் மூட்டைகள் வந்தன.

அவள் சும்மா நம்பிவிடவில்லை. ஆழம் பார்த்தாள். மறுநாள் கூடையோடு மாடிப்படிக்கு அடியில் குனிந்து, நாலு கிழங்கு எடுத்துக்கொள்கிறேன் என்றாள். செய்தித்தாளிலிருந்து அவர் தலை சட்டென்று நிமிர்ந்தது.

"அதுல கை வைக்காத" என்றார். "வேணும்னா கடையில வாங்கிக்கோ."

வீட்டில் மூட்டை மூட்டையாக வைத்துக்கொண்டு கடையில் வாங்குவதா? அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது. மீதியை அன்று சாப்பாட்டு மேசையில் அவரே கொடுத்தார். தட்டைப் பார்த்துக்கொண்டே, "உன் தம்பி எப்படி இருக்கான்? சரக்கெல்லாம் வித்துட்டானா?" என்றார். மச்சான் பிழைத்தானா செத்தானா என்று கேட்டு அறியாத மனிதர். வாயால் சொல்ல முடியாததை மனிதர் மூட்டையாகச் சொல்கிறார் என்று தோன்றியதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் கல் என்று நினைத்தோமே, இந்த மனிதருக்குள் இவ்வளவு பாசமா!

ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது. விரிப்பு மூட்டைகளை முழுதாக மூடவில்லை. வாசலில் நுழைகிறவர் கண்ணில் படும்படி ஒரு மூட்டையின் வாய் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. மூடி வைக்கிறவர் ஒழுங்காக மூட மாட்டாரா? அவர் சாக்ஸ் மடிக்கிற அழகைப் பார்த்தவளுக்கு அது புதிராக இருந்தது. அவசரத்தில் போட்டிருப்பார் என்று சொல்லிக்கொண்டு, அவளே விரிப்பை இழுத்துச் சரிசெய்தாள். அடுத்த நாள் பார்த்தால் மூட்டையின் வாய் மறுபடியும் வெளியே தெரிந்தது. அன்றைக்காவது அவள் யோசித்திருக்க வேண்டும். அவளோ கடைக்குப் போய், மாத்திரை அட்டைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டு தம்பிக்குப் போன் செய்தாள்.

"நான் எதுவும் சொல்லல. உங்க மாமா ரெண்டு மூட்டை வாங்கி ஒளிச்சு வச்சிருக்காரு. அவ்வளவுதான்."

அந்தப் பக்கம் அவன் சிரித்தான். வெகு நாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு.

அறிக்கை வருகிற அன்று அவர் வழக்கம்போல் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினார். கிளம்பும்போது மாடிப்படியை ஒரு பார்வை பார்த்தார், பிறகு அவளை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மதியம் கடைத் தொலைக்காட்சியில் செய்தி வந்தபோது அவள் ஒரு பெரியவருக்கு இருமல் மருந்து எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் தம்பியின் வட்டாரம் மாறியது போலவே கடல் தாண்டியும் வட்டாரம் வட்டாரமாகக் கிழங்குக்கு மாறியிருக்கிறார்களாம். எல்லா இடத்திலும் ஒரு ஏஜெண்ட் போய் அதே பேச்சைப் பேசியிருப்பான் போல. உலகம் எவ்வளவுதான் வறுத்துத் தின்றாலும் இவ்வளவைத் தின்ன வாய் இல்லை. வறுக்கத் தயாராக உறைய வைத்த துண்டுகள் கப்பல் கப்பலாக வேறு வந்துகொண்டிருக்கின்றனவாம். விலை சரியும், சரிந்தபடியே கிடக்கும் என்றது அறிக்கை. மருந்துப் பாட்டிலைப் பெரியவர் கையில் வைக்காமல் தன் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

தம்பியின் போன் சீக்கிரமே வந்தது. அவன் சத்தம் போடவில்லை.

"அக்கா, மாமா மூட்டை வாங்கினது நிஜந்தானே?"

"நிஜந்தான்டா."

"சரி" என்று வைத்துவிட்டான்.

சாயங்காலம் அவர் வந்தார். பையைக்கூட இறக்கி வைக்கவில்லை, நேராக மாடிப்படிக்குப் போய் விரிப்பை உருவிச் சுருட்டினார். வேலை முடிந்த கூடாரத்தைப் பிரிக்கிற மாதிரி இருந்தது அது. அந்த நொடியில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இருந்தாலும் அவர் வாயால் வரட்டும் என்று சுவரில் சாய்ந்து நின்றாள்.

சொன்னார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. மக்காச்சோளச் சமாசாரத்துக்குப் பிறகு, எங்களுக்கெல்லாம் உள்ளேயிருந்து தகவல் வருகிறது என்று அவள் தம்பி சரக்கு வைக்கிற கிடங்கில் யாரோ பெருமையடித்திருக்கிறார்கள். அது ஆபீஸ் வரை போய், ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். என் வீட்டிலிருந்து எதுவும் வெளியே போகாது என்று இவர் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதுவதற்கு முன்னால் இந்த மூட்டைகளை வைத்து ஒருமுறை நிச்சயப்படுத்திக்கொள்ள நினைத்தாராம். இன்று கூடத்தின் கதவு திறந்ததும் முதலில் விசாரித்தது அந்தக் கிடங்கைப் பற்றித்தான். சுற்றியுள்ள கிடங்குகளிலெல்லாம் பாதிக்கு மேல் விற்றாகிவிட்டது. அவள் தம்பியும் அவன் சிநேகிதர்களும் சரக்கு வைத்திருக்கிற அந்த ஒரே கிடங்கில் ஒரு மூட்டைகூட நகரவில்லை.

"நீ சொல்ல மாட்டேன்னு நம்பித்தான் செஞ்சேன்" என்றார்.

"நம்புறவங்க மூட்டை தூக்கிட்டு வரமாட்டாங்க."

அவர் சுருட்டிய விரிப்பைக் கைமாற்றிக்கொண்டார்.

"என்னை நேரா கேட்டிருக்கலாமே" என்றாள். அப்படிக் கேட்க வைத்தது ஆத்திரமா, அவமானமா, தம்பியை நினைத்து வந்த அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"கேட்டிருந்தா உண்மையைச் சொல்லியிருப்பியா?"

அவளுக்கு அவரைக் கொன்றுவிடலாம் போலிருந்தது. இவ்வளவு கூட்டிக் கழிக்கத் தெரிந்த மனிதருக்கு, அந்தக் கிடங்கில் இருப்பது ஒருவனுடைய பிழைப்பு என்பது மட்டும் கணக்கில் வரவில்லையே. அதே மூச்சில், அந்தப் பிழைப்பைப் போன் எடுத்துக் கெடுத்தது யாருடைய கை என்றும் உள்ளே கேட்டது. அவர் முகமும் வெளிறித்தான் கிடந்தது. நாளைக்கு அந்தக் காகிதத்தில் என்ன எழுதப் போகிறீர்கள் என்று கேட்க நினைத்தாள்.

அப்போது மேசைமேல் இருந்த அவள் கைபேசி அதிர்ந்தது. தம்பி. எடுக்கவும் பயம், எடுக்காமல் இருக்கவும் பயம். அவர்தான் கை நீட்டி, இருவருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியை அழுத்தினார். வசவானால் அதில் பாதி தனக்கும் வரட்டும் என்று நினைத்திருக்கலாம்.

"அக்கா, மாமா வந்துட்டாரா?" அழுது முடித்த குரல். "அவரைத் திட்டிக்கிட்டு இருக்கியா? திட்டாதக்கா. எனக்கும் மொதல்ல சந்தேகமாத்தான் இருந்துச்சு. அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். உள்ள உக்காந்திருக்கிறவருக்கே கடைசி வரைக்கும் தெரியல பாரு. பாவம், அவரும்தானே நம்பி ரெண்டு மூட்டை வாங்கி ஏமாந்துட்டாரு."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். விரலை உதட்டில் வைக்கவேண்டிய அவசியம் இருவருக்குமே ஏற்படவில்லை.

"அக்கா? கேக்குதா?"

"கேக்குதுடா."

"முளை விடறதுக்குள்ள அதைச் சமைச்சுத் தீத்துருங்க. வீணாக்காதீங்க. மாமாகிட்ட சொல்லு, நான் எதுவும் மனசுல வச்சுக்கலன்னு."

போனை வைத்துவிட்டான். அவர் மாடிப்படிக்கு அடியில் குந்தி, மூட்டையின் தையலைப் பிரித்தார். உள்ளே ஏற்கெனவே வெள்ளை வெள்ளையாக முளை கிளம்பியிருந்தது. அவள் சமையலறையிலிருந்து இரண்டு கத்தி கொண்டுவந்து, ஒன்றை அவர் கையில் கொடுத்தாள். எதிரெதிரே தரையில் உட்கார்ந்து, இருவரும் முளைகளைக் கிள்ளி எறிந்தார்கள். இதைத் தம்பியிடம் சொல்லக் கூடாது என்று அவரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.