நான் படித்துச் சொன்ன படம்

ஜன்னல் திரையை இழுத்து மூடச் சொன்னார் என் வீட்டுக்காரர். வெளிச்சத்தில் படம் பார்ப்பது அவருக்கு ஆகாது. மூடினேன். இனி மூடினால் என்ன, மூடாவிட்டால் என்ன என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு, பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

பஸ் ஓட்டுகிற மனிதருக்கு இப்படி ஒரு பைத்தியம் எங்கிருந்து பிடித்ததோ! கொரியா, ஜப்பான், ஈரான் என்று தேடித் தேடிப் பார்ப்பார். எல்லாம் ஒரே இருட்டு, ஒரே அழுகை. ஊரெல்லாம் சிரிப்பதற்குப் படம் பார்க்க, இவர் மட்டும் உட்கார்ந்து நெஞ்சைப் புண்ணாக்கிக்கொள்வார். முடிந்ததும் மனதில் பட்டதை எழுதி இணையத்தில் போடுவார். டிப்போவில் அவருக்கு 'அழுமூஞ்சி டிரைவர்' என்றே பெயர். "இவங்க படத்துல அழறவங்க மூஞ்சியக் காட்ட மாட்டாங்க. முதுகக் காட்டுவாங்க. அதப் பாத்தாதான் நமக்குப் பொத்துக்கிட்டு வரும்" என்பார். "முதுகப் பாத்து அழ எனக்கென்ன கிறுக்கா?" என்று நான் எழுந்து போய்விடுவேன். இப்போது எழுந்து போக முடியாது. படத்துக்குக் கீழே ஓடும் இங்கிலீஷ் எழுத்தைப் படித்துத் தமிழில் சொல்ல, என்னை விட்டால் அவருக்கு ஆளில்லை.

முதலில் இடது கண் போனது. வலதையாவது காப்பாற்றலாம் என்று ஆபரேஷன் செய்தார்கள். அதில் இப்போது வெளிச்சம் மட்டும் புகை மாதிரி தெரிகிறது. போன வாரம் டாக்டர் என்னை வெளியே அழைத்து, "இதுக்கு மேல வராதும்மா" என்றார். நானே அவரிடம் சொல்லிக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். உள்ளே வந்து சொன்னது வேறு. கொஞ்ச நாள் பிடிக்குமாம், பொறுமையா இருக்கணுமாம், பயப்பட ஒண்ணுமில்லையாம். ஒரு வாரமாக அந்தப் பொய்க்குச் சோறு போட்டு வளர்க்கிறேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பஸ் நிலையத்தில் மைக்கில் அறிவிப்பு சொல்லும் வேலை காலியாக இருக்கிறது, வருகிறாயா என்று டிப்போ மேலாளர் இவரைக் கேட்டிருந்தார். "அத வேற யாருக்காவது குடுங்க சார். நான் வண்டி எடுக்க வந்துருவேன்" என்று இவர் சிரித்தார். மேலாளர் நல்ல மனிதர். இன்று காலையில் எனக்குத் தனியாக ஃபோன் போட்டு, "சாயங்காலம் வரைக்கும் வெச்சிருக்கேம்மா. அப்புறம் என் கையில இல்ல" என்றார். சாப்பாட்டுக்கு முன்னால் சொல்லிவிட நினைத்தேன். சாப்பிடுகிற மனிதரிடம் எப்படிச் சொல்வது? சாப்பிட்டதும் சொல்லலாம் என்றிருந்தேன். அதற்குள் படம் போடச் சொல்லிவிட்டார்.

சுரங்கம் இடிந்து ஒருவன் உள்ளே மாட்டிக்கொள்கிறான். அவன் மனைவி வெளியே கொட்டகையில் காத்திருக்கிறாள். வெகுநேரம் பேச்சே இல்லை. வாளிச் சத்தமும் காற்றும்தான்.

"என்ன பண்றா?"

"சட்டை தோய்க்கறா."

"யாரோடது?"

"அவனோடது."

"ம்" என்று சோபாவில் சாய்ந்துகொண்டார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேல் அல்ல, என் மேல்.

பிறகு ஓர் அதிகாரி கொட்டகைக்குள் வந்து தொப்பியைக் கழற்றினார். கீழே எழுத்து வந்தது. தேடுவதை நிறுத்திவிட்டோம்.

"என்ன சொல்றான்?"

"தேடிட்டுதான் இருக்காங்களாம். கொஞ்ச நாள் பிடிக்குமாம். பொறுமையா இருக்கணுமாம், பயப்பட ஒண்ணுமில்லையாம்."

சொன்ன பிறகுதான் திக்கென்றது. அவர் சாய்வை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவன் ரெண்டு வார்த்தைதானே பேசினான்?"

"தமிழ்ல சொன்னா நீளுதுங்க."

"இவ்வளவு நேரம் நீளலியே. இப்ப அவ எப்படி நிக்கறா? முகம் தெரியுதா, முதுகு தெரியுதா?" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"முதுகு."

"நிறுத்து."

நிறுத்தினேன். அவர் டிவி பக்கமே பார்த்தபடி பேசினார். "அன்னைக்கு டாக்டரும் கதவுக்கு வெளியில ரெண்டு வார்த்தைதான் பேசினாரு. என்னன்னு காதுல விழல. எவ்வளவு நீளம்னு விழுந்துச்சு. நீ உள்ள வந்து இதையேதான் சொன்னே. ஒரு வார்த்தை மாறல."

ரிமோட்டைக் கீழே வைத்தேன்.

"இப்ப உள்ளபடி படி."

"எதை?" கேட்டுவிட்டு என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"ரெண்டையும்."

"தேடறத நிறுத்திட்டோம்னு சொல்றான்" என்றேன். "டாக்டர், இதுக்கு மேல வராதும்மான்னாரு."

சோபாக் கையில் ஓங்கி ஒரு குத்து விட்டார். "ஒரு வாரமா! கண்ணுதானேடி போச்சு எனக்கு? புத்தியுமா போச்சு? எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"பயமா இருந்துச்சுங்க."

"எனக்கில்லையா?"

மேலாளர் சாயங்காலம் வரைக்கும் காத்திருப்பதை மட்டும் சொன்னேன். அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை அந்த இடத்தில் உடைந்து, பாதி வார்த்தை அவருக்குக் கேட்டதோ இல்லையோ. அவர் டீப்பாய்ப் பக்கம் குனிந்தார்.

"ஃபோன் எங்க?"

எழுந்தேன்.

"எடுத்துக் குடுக்காத. எங்க இருக்குன்னு சொல்லு."

அவர் விரல்கள் டீப்பாயின் விளிம்பைத் தொட்டு, டம்ளரில் இடித்து, நின்றன. எனக்குக் கண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு பார்த்தேன்.

"இன்னும் கொஞ்சம் வலது பக்கம்" என்றேன்.

கை வலது பக்கம் நகர்ந்தது.