அளியனுக்குத் திறமை கூடுதல்

ஹெட்போனுக்குள் கணவனின் செருமல் கேட்டதும் ஷீஜா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இங்கே, காரோடு ஊரில் மழை. திரையில் போர்ச்சுகல் வெயில். அங்கே ராஸ்பெர்ரித் தோட்டத்து அலுவலகத்தில் ஒரே பெஞ்சில் அவள் கணவன் சஜனும் அவள் தம்பி தீபுவும். எதிரே தோட்டத்தின் உரிமையாளர் அம்மாள். அவருக்குப் போர்ச்சுகீசு மட்டுமே தெரியும், இவர்களுக்கு ஆங்கிலம். நடுவே, வீட்டில் இருந்தபடி மொழிபெயர்க்கும் ஷீஜா. லிஸ்பனில் முதியவர்களைக் கவனித்த வருடங்களில் பிடிபட்ட மொழி இப்போது அவளுக்கு வேலையாகிவிட்டது.

வேலைக்கு விதிகள் உண்டு. பேசுகிறவர் 'நான்' என்றால் இவளும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். கூட்டவோ குறைக்கவோ கூடாது. சொந்தக்காரர்கள் பேசினால் அழைப்பை வேறொருவருக்கு மாற்றிவிட வேண்டும். அந்தக் கடைசி விதியை மட்டும் இன்று விழுங்கிவிட்டாள். சீசன் முடிகிறது. ஒருவரைத்தான் மேற்பார்வையாளராக வைத்துக்கொள்வார்கள். மற்றவர் ஊர் திரும்ப வேண்டும். சஜன் அங்கே நின்றால் அவளும் மகள் அமிர்தாவும் இந்த வருடமே போய்ச் சேரலாம். அமிர்தா அப்பாவைப் பார்த்ததெல்லாம் போனில்தான்.

"உங்கள் இருவரில் யாரால் அதிகம் முடியும்?" உரிமையாளர் கேட்டார். ஷீஜா அதை ஆங்கிலமாக்கினாள்.

சஜன் சிரித்தான். பக்கத்தில் அளியனை, அதாவது மைத்துனனை, வைத்துக்கொண்டு தன்னைத்தானே புகழ்கிறவன் இந்த ஊர்ப்பக்கம் கிடையாது. கல்யாணப் பந்தியின் முதல் இலைக்குக்கூட அளியனும் அளியனும் 'நீ இரி, நீ இரி' என்று தள்ளிக்கொள்வார்கள்.

"ஹீ கேன் டூ பெட்டர் தேன் மீ, மேடம்."

ஷீஜா தயங்கவில்லை. தம்பி சஜனை இதைவிடப் பெரிதாகத் திருப்பிப் புகழ்வான் என்று அவளுக்குத் தெரியும். கணவனின் 'நான்' ஆகவே நின்று, என்னைவிட அவனால் நன்றாகச் செய்ய முடியும் என்று போர்ச்சுகீசில் பிசகில்லாமல் சொன்னாள்.

உரிமையாளர் தீபுவைப் பார்த்தார். தீபு சஜனைப் பார்க்கவில்லை.

"யெஸ் மேடம். ஐ ஆம் மோர் கேபபிள்."

ஷீஜா திரையில் சஜனைப் பார்த்தாள். சஜனின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, அளியன் இன்னும் பேசி முடிக்கவில்லை என்பதுபோல. "அலோ?" என்றார் உரிமையாளர். 'என்னாலும் முடியும்' என்று மாற்றிவிட்டால் யாருக்குத் தெரியும்? நினைத்துக்கொண்டிருக்கும்போதே பழகிய வாய் சொல்லிவிட்டது: "ஸோ மாய்ஷ் கபாஷ்." நான்தான் அதிகத் திறமையுள்ளவன்.

உரிமையாளர் தீபுவுக்குக் கை கொடுத்துவிட்டு வெளியே போனார்.

"எலே, நீ எனக்கும் ஒரு வார்த்த சொல்லுவேன்னு நெனச்சேன்," என்றான் சஜன்.

"அளியா, நீங்க சொன்னதத்தானே நானும் சொன்னேன். கள்ளம் சொல்லணுமாக்கும்?"

சஜன் கேமராவின் பக்கம் திரும்பினான். "மக்கா, நான் சும்மா ஒரு மரியாதைக்குச் சொன்னது. அத அப்படியேயா சொன்ன?"

"அப்படியேதான்."

அடுக்களையிலிருந்து ஷீஜாவின் அம்மா அம்மிணி ஈரக் கையோடு வந்து நின்றாள். முகம் மலர்ந்திருந்தது.

"ஆருக்குடி கிட்டிச்சு? நம்ம தீபுவுக்காக்கும்?"

ஷீஜா திரும்பவில்லை. திரையில் தீபு எழுந்து போய்விட்டான். சஜன் மட்டும் பெஞ்சின் ஓரத்திலேயே இருந்தான், பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டு.